நாலாவது மாடிக்கு ஏறிய தண்ணீர்

அவர் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தபோது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். சுவரில் காதை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பேசாதே என்று எனக்கு விரலைக் காட்டினார். என் வீட்டில் நானே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"மேல யாரோ குளிக்கிறாங்க. மூணாவது மாடி. கேக்குது பாரு, கேக்குது பாரு!"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய முகம் மட்டும் பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் முகம் போல மலர்ந்திருந்தது.

ஜொகூரில் எங்கள் ஊரான மாசாயில் எல்லோரும் அவரைப் பைப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் எதுவென்று நான் கேட்டதே இல்லை. வயது நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, சிங்கப்பூரில் ஒரு கட்டடப் பராமரிப்பு வேலையில் பல வருடம் இருந்து, அங்கேயே குழாய் வேலை கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பியவர். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு அவர் வரும்போது, பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸே ஒதுங்கி வழிவிடும்.

நான் அவரைக் கூப்பிட்டது சமையலறையில் அடித்த நாற்றத்துக்காக. என்ன கழுவினாலும் போகவில்லை. அக்கா பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தலையை விட்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று பயந்து குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அலமாக்! வளைவே இல்லலா! நேரா சாக்கடைக்குள்ள ஹோஸ விட்டு வச்சிருக்கான். நீ இத்தன நாளா சாக்கடை வாயிலதான் சோறாக்கியிருக்க, தங்கச்சி!"

என்னையும் குனியச் சொல்லி, கழுத்து வளைந்த ஒரு குழாய்த் துண்டைக் காட்டினார். "இந்த வளைவுல எப்பவும் ஒரு கோப்பை தண்ணி நிக்கும். போன தண்ணி போச்சு, கடைசித் தண்ணி நின்னுடும். அந்த ஒரு கோப்பை தண்ணிதான் உன் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவுல உள்ள கதவு. நாத்தம் தாண்டாது, கரப்பான் தாண்டாது. எவ்ளோ சின்ன விஷயம்! எவன் கண்டுபிடிச்சானோ, கையெடுத்துக் கும்பிடணும்."

வேலை முடிந்ததும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். "அக்கா, அசிங்கமா இருக்குமே" என்றேன்.

"குழாய் கண்ணுக்குத் தெரியணும். ஒழுகினா ஒழுகுதுன்னு தெரியணும். மூடி வச்சா, தப்பு அதுபாட்டுக்கு உள்ள வளரும்."

இதுதான் அவர். மூடி வைப்பது என்றாலே அவருக்கு உடம்பு கூசும். பெரிய வீட்டு அம்மா ஒருவர், எல்லாக் குழாயையும் சுவருக்குள் புதைத்து மேலே பளிங்கு ஓடு ஒட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "இணைப்பு எல்லாத்துக்கும் ஒரு சின்ன கதவாவது வைக்கணும்மா" என்று அக்கா சொல்ல, அந்த அம்மா அழகு கெட்டுவிடும் என்று மறுக்க, அக்கா பாதி வேலையில் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேச்சிலும் அப்படித்தான். யாராவது "உள்ளுக்குள்ள வச்சிருக்கேன், சொல்லல" என்று ஆரம்பித்தால், "சொல்லிரு, சொல்லிரு, இப்பவே சொல்லிரு" என்று அவசரப்படுத்துவார்.

அவருக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் இடம் பொருள் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் எனக்கு பண்டுங் வாங்கிக் கொடுத்தார். ரோஜா சிரப்பும் பாலும் கலந்த அந்தப் பானத்தை என்னைக் குடிக்கவிடவில்லை. உறிஞ்சு குழலை என் கோப்பையிலிருந்து பிடுங்கி, மேல் ஓட்டையை விரலால் அடைத்துத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்த பானம் கீழே விழாமல் தொங்கியது.

"பாத்தியா? ஏன் விழல?"

"தெரியலையே அக்கா."

விரலை எடுத்தார். மேசை முழுக்க இளஞ்சிவப்பு. "காத்து! மேலேருந்து காத்து வந்தாதான் கீழ தண்ணி போகும். அதுக்குத்தான் கக்கூஸ் குழாய்ல கூரைக்கு மேல ஒரு மூக்கு வச்சிருக்கான். அந்த மூக்க அடைச்சுப் பாரு, வீடே மூச்சு முட்டும்!" பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கக்கூஸ் என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர்களுக்கும் ஒருமுறை செய்து காட்டினார்.

இன்னொரு முறை சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். எல்லைப் பாலத்தில் வழக்கம்போல நெரிசல், பஸ் நகரவில்லை. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா பட்டுப்புடவையோடு ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். பாலத்தின் ஓரமாக ஆள் நுழைகிற அளவு பெரிய குழாய்கள் கூடவே ஓடுகின்றன.

"நம்ம ஜொகூர் ஆத்துத் தண்ணி அந்தப் பக்கம் போகுது. சுத்தம் பண்ண தண்ணி கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி வருது. மேல நாம பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு நிக்கிறோம். தண்ணி பாரு, யாரையும் கேக்காம நாடு தாண்டுது!"

"உங்களுக்கு அத பாத்தா அவ்ளோ சந்தோஷமாக்கா?"

"ஏன் இருக்காது? வெள்ளைக்காரன் காலத்துல இரும்புக் குழாய் மொதல்ல துறைமுகத்துக்குப் போச்சு, டவுனுக்குப் போச்சு, துரை பங்களாவுக்குப் போச்சு. எங்க லயத்துக்கு? கோடியில ஒத்த பைப்பு. இருபது வீடு. எங்கம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறதுக்கு முன்ன வரிசையில நிக்கும். கக்கூஸ்ல வாளி. அந்த வாளிய யாரு தூக்குனா? நம்ம ஆளுங்கதான். அந்தக் காலம் நல்ல காலம்னு சொல்றவன் எவனும் தண்ணி தூக்கினவன் இல்ல, வாளி தூக்கினவன் இல்ல. அப்புறம் துத்தநாகக் குழாய் வந்துச்சு, உள்ள துரு புடிச்சுச்சு. இப்ப பிளாஸ்டிக்கு. வீட்டுக்கு வீடு கூரைல தொட்டி. குழாயத் திறந்தா தண்ணி! இந்த நாடு பண்ண பெரிய வேலை எதுன்னு என்னக் கேட்டா, கோபுரம் கீபுரம் எல்லாம் சொல்ல மாட்டேன். இதத்தான் சொல்வேன்."

பஸ் நகர்ந்த பிறகும் பேசிக்கொண்டே வந்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று எனக்கு நினைவில்லை.

இனி அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடம் பழையது. கீழே கடைகள், மேலே நான்கு மாடி வீடுகள். நான் இரண்டாவது மாடி. மொட்டை மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி எப்போதோ ஓட்டையாகிவிட, யாரோ தெருக் குழாயிலிருந்தே நேராக, படியின் பக்கத்துக்கு ஒரு குழாயாக, எல்லா வீட்டுக்கும் இணைத்துவிட்டிருந்தார்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல் மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது.

அந்த வருடம் எங்கள் பகுதி வீடுகளில் காலைத் தண்ணீர் வழவழப்பாக வர ஆரம்பித்தது. லேசான எண்ணெய் வாடை. முதல் வாளியைக் கொட்டிவிட்டால் பிறகு சரியாகிவிடும். கட்டட நிர்வாகத்தில் கேட்டால் தெருக் குழாயில் ஏதோ வேலை நடக்கிறது என்றார்கள். முதல் மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பிறகு என் மகளுக்கு. அப்போது அவளுக்கு ஏழு மாதம். காய்ச்சிய தண்ணீர்தான் கொடுத்தேன், இருந்தும் நிற்கவில்லை. இரண்டு நாள் மருத்துவமனையில் சின்னக் கையில் ஊசி குத்திக் கிடந்தாள். என் கணவர் ஷிப்டுக்கும் மருத்துவமனைக்கும் மோட்டார் சைக்கிளில் மாறி மாறி ஓடினார்.

வீட்டுக்கு வந்த அன்றே அக்கா வந்துவிட்டார். குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

"எந்தெந்த வீடு? எத்தன மணிக்கு? சொல்லு."

வீடு வீடாகப் போய்க் கேட்டு, மாடிப்படிச் சுவரிலேயே படம் வரைந்தார். கெட்ட தண்ணீர் வந்தது படிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் வீடுகளில் மட்டும். படிக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒன்றுமில்லை. "அப்ப தெருவுல இல்ல! இந்த ஒரே குழாய்லதான்! இங்கேயேதான் எங்கேயோ அழுக்கு உள்ள வருது!" துப்பு கிடைத்த போலீஸ்காரர் போலப் படிகளில் குதித்து இறங்கினார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கீழே மோட்டார் சைக்கிள் கழுவும் கடை. அதை நடத்துகிற மலாய்க்காரரை எல்லோரும் அபாங், அதாவது அண்ணன், என்போம். அக்கா அவரிடம் வேறு எதையோ கேட்கப் போக, அவர் தன் குறையைக் கொட்டினார். யாரோ அவருடைய சோப்புத் தண்ணீரைத் திருடுகிறார்களாம். காலையில் குழாயைத் திறந்து ஹோஸை டிரம்மில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாராம். திரும்பி வந்து பார்த்தால் டிரம் நிறைவதற்குப் பதிலாகக் குறைந்திருக்குமாம்.

"சோப்புத் தண்ணிய யாரு திருடுவா?" என்று நான் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. டிரம்மைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி நாலாவது மாடியைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரையும் காலைல கீழ வரச் சொல்லு. கேசரிப் பவுடர் இருக்கா வீட்டுல?" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடிப்படியெல்லாம் ஆள். அக்கா டிரம்மை நன்றாகக் கழுவி, சுத்தமான தண்ணீரை நிரப்பி, கேசரிப் பவுடரைக் கொட்டிக் கலக்கினார். தண்ணீர் பளீரென்று ஆரஞ்சாகிவிட்டது. அபாங் வழக்கம்போல ஹோஸைப் போட்டுக் குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தோம். மேலே எங்கோ உர்ரென்று ஒரு பம்ப் ஓடும் சத்தம்.

"இறங்குது!" என்று அக்கா கத்தினார். "பாருங்க, பாருங்க, இறங்குது!"

உண்மையிலேயே இறங்கியது. டிரம்மிலிருந்த தண்ணீர் ஹோஸ் வழியாகப் பின்னோக்கி, குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அபாங் தலையில் கை வைத்தார். நாலாவது மாடி ஜன்னல் திறந்தது. அங்கே தனியாக இருந்தவர் ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர், இலங்கைத் தமிழர், எங்களுக்கெல்லாம் மாஸ்டர். பாதி முகத்தில் சவர நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"இங்க தண்ணி செம்மஞ்சளா வருது! என்ன செய்யிறியள் கீழ?"

பம்ப் நின்றது. சற்று நேரத்தில் இரண்டாவது மாடியிலிருந்து என் கணவர் கத்தினார். "நம்ம வீட்லயும் வருது! ஆரஞ்சு!" முதல் மாடியிலும் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கண்டுபிடித்தாயிற்று! நான் குழந்தையோடு குதித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா கை தட்டவில்லை. டிரம்மின் பக்கத்தில் நின்று பேசினார்.

"தெருக் குழாய்லேருந்து நேரா பம்ப் வச்சு உறியக் கூடாது. அது சட்டம். காலைல தண்ணி கம்மியா இருக்கிறப்ப உறிஞ்சா, எங்க ஓட்டை இருக்கோ அங்கேருந்து எதையாவது இழுக்கும். நல்ல தண்ணியும் அழுக்குத் தண்ணியும் ஒண்ண ஒண்ணு தொடவே கூடாது. அதான் இந்த வேலைல மொத பாடம்." கையைத் தூக்கி மேலே காட்டினார். "நாலாவது மாடி பம்ப மாட்டினது நான்தான். மூணு வருஷத்துக்கு முன்ன. மாஸ்டருக்கு முட்டி வலி, வாளி தூக்க முடியல. தப்புன்னு தெரிஞ்சும் மாட்டினேன். கீழ இந்தக் கடை அப்ப இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

கைதட்டல் நின்றது. முதல் மாடிப் பிள்ளைகளின் அம்மா முன்னால் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். அக்கா தலை குனியாமல் கேட்டுக்கொண்டார். நான் திட்டவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மகளின் கையில் ஊசி போட்ட இடம் இன்னும் நீலமாக இருந்தது.

மத்தியானம் அக்கா வந்து கதவைத் தட்டினார். கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினேன்.

"நேத்தே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"அந்த ஹோஸ மட்டும் டிரம்மிலேருந்து தூக்கி வைக்கச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ராத்திரி பூரா அதத்தான் நெனச்சேன் தங்கச்சி." அவர் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "இன்னிக்கு ஹோஸு. நாளைக்கு வேற ஒருத்தன் வேற ஒண்ண தொங்க விடுவான். பம்ப் அங்கேயேதான இருக்கும்? புள்ள பால் குடிக்குதா?"

"குடிக்குது."

"சரி" என்று படியிறங்கிப் போனார்.

அன்று மாலையே பம்பைக் கழற்றினார். மறுநாள் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தானே போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் வேலை செய்யக் கூடாது என்று கடிதம் வந்தது. அதன் நகலை எங்கள் கட்டட அறிவிப்புப் பலகையில், மாடிப்படிச் சுவரில் தான் வரைந்த படத்துக்குப் பக்கத்தில், நான்கு குண்டூசி குத்தி மாட்டினார். அதைப் படித்த எல்லோரும் அவரைத் திட்ட மறந்துபோனார்கள்.

மாஸ்டர் மட்டும் மன்னிக்கவில்லை. பம்ப் போனதும் அவருக்குக் காலையில் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. அக்கா தினமும் காலையில் வந்து இரண்டு வாளித் தண்ணீரை நாலாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கதவைத் தட்டுவார். திறக்காது. வாசலில் வைத்துவிட்டு இறங்குவார். மறுநாள் காலி வாளிகள் வெளியே இருக்கும். ஒரு வார்த்தை இருக்காது. மூச்சு வாங்க அவர் எங்கள் மாடியைக் கடப்பதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் வெளியே வந்து, ஒரு வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஆளுக்கு ஒரு வாளியோடு ஏறினோம். இறங்கும்போதுதான் அக்கா ஆரம்பித்தார்.

"நாம தூக்கிக்கிட்டே இருக்க முடியாது. தண்ணிய ஏற வைக்கணும்! கீழ ஒரு தொட்டி, அதுல தெருத் தண்ணி மேலேருந்து சும்மா விழணும், குழாய் தொட்டித் தண்ணியத் தொடக் கூடாது. அந்தத் தொட்டியிலேருந்து பம்ப் உறியலாம், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. மேல ஒரு தொட்டி. அங்கேருந்து இறங்குறதுக்குப் பம்பே வேணாம், உயரமே தள்ளும்! இத நிர்வாகம் செஞ்சே ஆகணும். வா, கையெழுத்து வாங்கலாம்!"

அவர் கண்ணில் பழைய வெளிச்சம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டு வீட்டுக்கும் கீழ்க் கடைகளுக்கும் நான் அவரோடு ஏறி இறங்கினேன். திட்டிய முதல் மாடி அம்மாதான் முதல் கையெழுத்து. அபாங் தன் வாடிக்கையாளர்களிடமும் வாங்கிக் கொடுத்தார். மாஸ்டர் வீட்டில் தாளைக் கதவிடுக்கில் தள்ளினோம். கையெழுத்தோடு திரும்பி வந்தது, ஒரு எழுத்துப் பிழையும் திருத்தப்பட்டு. நிர்வாகத்துக்கு நடந்து நடந்து, கூட்டத்தில் சண்டை போட்டு, கடைசியில் வேலை ஆரம்பித்தது.

அக்கா அந்த வேலையைத் தொடக் கூடாது. தடை இன்னும் முடியவில்லை. வேறொரு கம்பெனி ஆட்கள் செய்தார்கள். அவர் தினமும் கீழே நின்று, தொட்டுவிடுவோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

மேல்தொட்டி நிறைந்து வால்வைத் திறக்கிற நாளில் படிக்கு எங்கள் பக்கம் இருந்த வீடுகளில் எல்லோரும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அக்கா முற்றத்தில் நின்று மேலே பார்த்தார்.

"தொறந்தாச்சு!" என்று மொட்டை மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. பிறகு, அம்மாடி, என்ன வேகம்! பாத்திரம் கவிழ்ந்துவிட்டது. "வந்துருச்சு!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். மூன்றாவது மாடி கத்தியது. முதல் மாடி கத்தியது. அக்கா ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கினார். பிறகு காத்திருந்தார். நாலாவது மாடி ஜன்னல் மூடியே இருந்தது.

"மாஸ்டர்!" என்று கூப்பிட்டார். கையை வாயருகே குவித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார். "மாஸ்டர், தண்ணி வருதா?"

அக்கா ஓட ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயதில் நான்கு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தே இருந்தது. மாஸ்டர் வேட்டியோடு சமையலறையில் நின்றிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்துற பழக்கம் எனக்கில்லை" என்றார். தம்ளரை அக்காவிடம் நீட்டினார். "தெளிவா இருக்கு. குடியுங்கோ."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தம்ளர் கேட்டார்.